முடிச்சுமாறியாக வந்த ராஜபார்ட்

‘கசபிளாங்கா’ (1942) படத்தைப் பார்த்த அநேகருக்கு ஹம்ப்றி போகார்ட்டின் வெள்ளைக் கோட்டும் இங்கிறிட் பேர்க்மனின் கண்ணீரும் நினைவிருக்கும். படம் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் வந்துபோகிற முடிச்சுமாறியை எத்தனை பேருக்கு நினைவிருக்குமோ தெரியாது. வெளியூரில் இருந்து வந்த ஒரு கணவன் மனைவிக்குப் பக்கத்தில் போய் நிற்கிறான். இது பொல்லாத ஊர், எங்கு பார்த்தாலும் பிணந்தின்னிக் கழுகுகள், கவனமாக இருங்கள் என்று மிகப் பணிவாக, உண்மையான அக்கறையோடு சொல்கிறான். விடைபெற்றுப் போகும்போது அந்தக் கணவனின் பணப்பையும் அவனோடு போய்விடுகிறது. எல்லாமாக ஒரு நிமிடம் இருக்குமோ என்னவோ. பிறகு ஓரிடத்தில் தலைமைப் பரிசாரகர் கார்லோடு முட்டிக்கொள்கிறான். கார்ல் உடனே பதறிப்போய்த் தன் பொக்கற்றுகளைத் தடவிப் பார்க்கிறார். அவ்வளவுதான் அவனுடைய கதை.

அந்த முடிச்சுமாறியாக நடித்தவர் கூர்ட் போய்ஸ். பேர்லினில் பிறந்து வளர்ந்தவர். அந்த ஒரு நிமிடத்துக்கு முன்னால் அவரிடம் முப்பது வருடத்துக்கு மேலான மேடை அனுபவம் இருந்தது. கார்லாக வந்த எஸ். இசட். சக்கால் ஹங்கேரிக்காரர், அவரும் பேர்லின் சனங்களைச் சிரிக்க வைத்தவர். ஹொலிவூட் ஸ்ரூடியோவில் மட்டைகளால் கட்டிய பொய் மொறொக்கோவில், பேர்லினை விட்டுத் துரத்தப்பட்ட இரண்டு நகைச்சுவை நடிகர்கள் ஒருவர்மேல் ஒருவர் மோதி மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறார்கள். பார்க்கிற அமெரிக்கர்களுக்கு இருவருமே பெயர் தெரியாத வெளிநாட்டுக்காரர்கள்.

கூர்ட் போய்ஸ் 1901 ஏப்ரல் 5ஆம் திகதி ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். ஆறேழு வயதிலேயே மேடையில் ஏற்றிவிட்டார்கள். லியோ ஃபால் இசையமைத்த ‘குதூகலமான குடியானவன்’ என்ற ஒப்பரெட்டாவில் ஹைனர்லே என்ற சின்னப் பையன் வேடம் அவருக்கு. அந்தக் காலத்திலேயே ஊமைப்படக் காரர்களும் அவரைப் பிடித்துக்கொண்டார்கள். சினிமா என்ற சாமானே அப்போது தவழ்ந்துகொண்டிருந்த பிள்ளைதான். இரண்டும் சேர்ந்து வளர்ந்தன என்று சொன்னால் பிழையில்லை. 1919இல் ஏர்ன்ஸ்ட் லுபிட்ச் எடுத்த ‘சிப்பி இளவரசி’யில் இவர் இசைக்குழுவை நடத்துகிறவராக வருவார். படத்தில் சத்தம் இல்லை. ஆனால் இவருடைய இடுப்பும் முழங்காலும் ஆடுகிற ஆட்டத்தைப் பார்த்தால் காதில் இசை விழுகிற மாதிரி இருக்கும்.

இருபதுகளில் கபரே, றெவ்யூ, நாடகம், சினிமா என்று இவர் கால் வைக்காத இடமில்லை. ‘சார்லியின் அத்தை’ நாடகத்தில் பெண் வேடம் கட்டி அரங்கைக் குலுக்கினார். எங்கள் பாஷையில் சொன்னால் ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன் மூன்றையும் ஓர் ஆளே ஆடக்கூடியவர். 1927இல் வந்த ‘பாப்பன்ஹைம் பிரபு’ என்ற படத்திலும் பெண் உடுப்புப் போட்டு வந்தார். இந்தப் படத்தை ஞாபகத்தில் வைத்திருங்கள்.

1933 ஜனவரியில் ஹிட்லர் பதவிக்கு வந்தார். அந்த வருடம் செப்ரெம்பரில் றைக் கலாசார மன்றம் என்ற ஒன்றைச் சட்டம் போட்டு உருவாக்கினார்கள். அதில் அங்கத்தவராக இல்லாதவர் மேடை ஏற முடியாது. யூதர்கள் அங்கத்தவராக முடியாது. ஒரு நடிகனைக் கொல்லாமல் கொல்ல இதைவிடச் சுருக்கமான வழி கிடையாது. போய்ஸ் அந்த வருடமே வெளிக்கிட்டுவிட்டார். அடுத்த வருடம் நியூயோர்க். 1937இல் இருந்து ஹொலிவூட்.

அவர் போன பிறகும் பேர்லினில் அவருடைய முகம் ஓடிக்கொண்டிருந்தது என்பதுதான் குரூரமான விடயம். 1940 நவம்பரில் ஃபிறிற்ஸ் ஹிப்லர் எடுத்த ‘நித்திய யூதன்’ என்ற பிரசாரப் படம் வெளியானது. யூதர்களை எலிக் கூட்டத்தோடு வைத்துக் காட்டிய படம். யூதன் கலையை எப்படிக் கெடுத்தான் பார் என்று காட்டுவதற்கு, ‘பாப்பன்ஹைம் பிரபு’வில் போய்ஸ் பெண் வேடத்தில் வருகிற காட்சியை வெட்டி அதற்குள் ஒட்டினார்கள். பீற்றர் லோர ‘எம்’ படத்தில் கொலைகாரனாகக் கதறுகிற காட்சியையும் அப்படியே ஒட்டினார்கள். ஒருகாலத்தில் காசு கொடுத்துப் பார்த்துச் சிரித்த அதே காட்சியைப் பார்த்து இப்போது அருவருக்க வேண்டும். சரியாக இரண்டு வருடம் கழித்து இந்தப் பீற்றர் லோரவும் இந்தக் கூர்ட் போய்சும் ‘கசபிளாங்கா’வில் விசாவும் பணப்பையுமாக அலைகிறார்கள்.

அந்தப் படத்தில் தெருவிலும் மதுச்சாலையிலும் நிற்கிற முகங்களில் பல வேடம் போடாத அகதி முகங்கள். சூதாட்ட மேசையில் சக்கரத்தைச் சுழற்றுகிறவர் மார்செல் டாலியோ. 1939இல் ழான் றெனுவாரின் ‘ஆட்டத்தின் விதி’யில் முக்கிய வேடத்தில் நடித்த பிரெஞ்சு நடிகர். பிரான்ஸ் விழுந்த பிறகு நாஜிகள் அவருடைய முகத்தைச் சுவரொட்டியில் அடித்து, யூதன் இப்படித்தான் இருப்பான் என்று ஒட்டினார்கள். இங்கே ஹொலிவூட்டில் பெயர்ப் பட்டியலில் அவர் பெயரே இல்லை. போய்சுக்காவது பெயர் போட்டார்கள். நாஜி மேஜராக வருகிற கொன்றாட் ஃபைட் நாஜிகளுக்குப் பயந்து நாட்டை விட்டு ஓடியவர். எந்தச் சப்பாத்துக்குப் பயந்து ஓடினார்களோ அந்தச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு நடித்தால்தான் அடுப்பு எரியும் என்ற நிலை அவர்களுக்கு. உச்சரிப்புத்தான் காரணம். ஜேர்மன் நாக்கோடு ஆங்கிலம் பேசுகிறவனுக்கு ஹொலிவூட்டில் இரண்டு வேலைதான் இருந்தது: நாஜி அல்லது நாஜியிடம் இருந்து தப்பியவன்.

போய்சுக்கு மூன்றாவதாக ஒன்றும் கிடைத்தது. அவர் சின்ன உடம்புக்காரர். விரைவான கைகள், துக்கமா குறும்பா என்று பிரிக்க முடியாத கண்கள். பரிசாரகன், சிகை அலங்காரக்காரன், தையற்காரன், கள்ளன். ‘நோத்ர டாமின் கூனன்’ (1939), ‘விடியலைத் தடுத்து வை’ (1941), ‘கவர் கேர்ல்’ (1944), மக்ஸ் ஒஃபுல்ஸின் ‘அகப்பட்டவள்’ (1949) என்று பட்டியல் நீளம். ஒவ்வொன்றிலும் அவர் நிற்கிற நேரம்தான் குறைவு. ‘விடியலைத் தடுத்து வை’ எங்கள் ஆட்கள் தேடிப் பார்க்க வேண்டிய படம். மெக்சிக்கோ எல்லையில் ஒரு விடுதி; அமெரிக்க விசாவுக்காக அங்கே மாதக் கணக்கில், வருடக் கணக்கில் காத்திருக்கிற ஐரோப்பிய அகதிகள். கதை வசனம் எழுதியவர்களில் ஒருவரான பில்லி வைல்டர் தானே அந்த எல்லையில் விசாவுக்கு நின்றவர். போய்ஸ் அந்த விடுதிவாசிகளில் ஒருவர்.

ஒரு மேடை நடிகனிடம் இருந்து அந்நிய நாடு முதலில் பறிப்பது எதை என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன். வீடு வாசல், சனம், பெயர் எல்லாம் எல்லோருக்கும்தான் போகிறது. நடிகனுக்குக் கூடுதலாக ஒன்று போகிறது: நீளமாகப் பேசுகிற உரிமை. எங்களுக்குக் குணசித்திர நடிகர் என்றவுடன் டி. எஸ். பாலையா வந்து நிற்பார். ‘திருவிளையாடல்’ ஹேமநாத பாகவதரிடம் இருந்து தமிழைப் பறித்துவிட்டால் என்ன மிஞ்சும்? அதே பாலையா ‘காதலிக்க நேரமில்லை’யில் நாகேஷ் பேய்க்கதை சொல்லச் சொல்ல, தான் கேட்டுக்கொண்டு மட்டும் இருப்பார். ஒரு வசனமும் இல்லாமல் முகத்தாலேயே நடுங்கிக் காட்டுவார். சனம் இன்றைக்கும் அந்தக் காட்சியைச் சொல்லிச் சிரிக்கிறது. பேச்சுப் போனாலும் மிஞ்சுவது அதுதான்: அடுத்தவன் பேசும்போது கேட்கிற முகம், ஒரு பொருளை எடுக்கிற கை, அறைக்குள் நுழைகிற நடை. போய்ஸ் அமெரிக்காவில் பதினாறு வருடம் இந்த மூன்றையும் வைத்துத்தான் பிழைத்தார்.

நான் அவரைக் கண்டுபிடித்தது என் கெட்டித்தனத்தால் அல்ல. 1985இல் நாங்கள் இருந்த ஹைமில் ஓர் அண்ணை இருந்தார். ஊரில் இசைநாடகக்காரர். நடிகமணி வைரமுத்துவின் ‘மயான காண்டம்’ எங்கே நடந்தாலும் சைக்கிளில் போய் விடிய விடியப் பார்த்து, பிறகு தன் ஊர்க் கோயில் திருவிழாக்களில் தானே அரிச்சந்திரனாக ஆடியவர். ஹைமில் வேலை செய்ய அனுமதி இல்லை. மாவட்டத்தைத் தாண்டிப் போகவும் அனுமதி இல்லை. தெருவில் கழித்து வைத்த சாமான்களுக்குள் எடுத்துவந்த ஒரு ரீவீ எங்கள் அறையில் இருந்தது. ஒருநாள் இரவு ஜேர்மன் குரல் கொடுத்த ‘கசபிளாங்கா’ ஓடியது. எங்களுக்கு அப்போது ஜேர்மன் ‘தங்கே’, ‘பிற்றே’ மட்டும்தான். படத்தைப் படமாகத்தான் பார்க்க வேண்டும்.

முடிச்சுமாறி வந்தான், போனான். அண்ணை நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“உவன் ஆர் தம்பி?”

“தெரியாது அண்ணை. ஒரு முடிச்சுமாறி.”

“உவன் முடிச்சுமாறி இல்லை. உவன் எங்கையோ ராஜபார்ட் ஆடினவன். கையைப் பாத்தனீரோ, அந்தரப்படாமல் எடுக்கிறான். சின்னப் பார்ட்காரன் எண்டால் தன்னைப் படம் பிடிக்கினம் எண்டு காட்டிக்கொண்டெல்லோ களவெடுப்பான்.”

அந்த அறையில் ஐந்து பேர் இருந்தோம். நாங்கள் நாலு பேரும் சிரித்தோம். அண்ணை சிரிக்கவில்லை. அரிச்சந்திரன் நாடு இழந்து, மனைவி பிள்ளையை விற்று, காசியில் சுடலை காக்கிற இடத்தில் நடிப்பதற்கு என்ன இருக்கிறது என்று அவர் எனக்கு ஒருமுறை விளங்கப்படுத்தியிருக்கிறார். வெட்டியானாக நிற்க வேண்டும். ராசா என்று ஒரு இடத்திலும் காட்டக்கூடாது. ஆனால் பார்க்கிற சனத்துக்கு ராசா தெரிய வேண்டும். முழத்துண்டும் கால்பணமும் கேட்கிற குரலில்தான் முழுவதும் இருக்கிறது என்பார். சில வருடங்கள் கழித்து நகர நூலகத்தில் ஒரு சினிமாப் புத்தகத்தைப் புரட்டியபோது அந்த முடிச்சுமாறியின் படமும் பெயரும் கிடைத்தன. அண்ணை சொன்னது சரியாக இருந்தது.

1950இல் போய்ஸ் திரும்பி வந்தார். எல்லோரும் திரும்பவில்லை. அமெரிக்காவில் நின்றவர்களும் உண்டு, திரும்பி வரும் முன்பே இறந்தவர்களும் உண்டு. கொன்றாட் ஃபைட் 1943இலேயே இறந்துவிட்டார். போய்ஸ் வந்து இறங்கியது கிழக்கு பேர்லினில். இடிந்த நகரம், ஆனால் அங்கே பிரெக்ட் இருந்தார். அவரும் அமெரிக்கா வரை அலைந்துவிட்டு 1948இல் திரும்பியவர். அடுத்த வருடம் மனைவி ஹெலன வைகலோடு பேர்லினர் ஒன்சாம்பிளைத் தொடங்கினார். அந்தக் குழு முதலில் மேடையேற்றிய நாடகம் ‘பண்ணையார் புந்திலாவும் அவர் ஆள் மத்தியும்’. பிரெக்ட் 1940இல் பின்லாந்தில் அகதியாக இருந்தபோது எழுதியது. வெறியில் இருந்தால் புந்திலா தங்கமான மனிசன், வேலைக்காரனைக் கட்டிப்பிடிப்பான். வெறி முறிந்தால் மிருகம். 1952இல் இந்த நாடகத்தை மறுபடி எடுத்தபோது புந்திலாவாக நின்றவர் கூர்ட் போய்ஸ். அல்பேர்ட்டோ கவல்கான்ரி அதைப் படமாக்கியபோதும் அவர்தான் புந்திலா. பதினாறு வருடம் நிமிடக் கணக்கில் பேசியவனுக்குத் தன் சொந்த மொழியில் முழு நாடகத்தையும் பேசக் கொடுத்தார்கள். அந்தப் படத்தைப் பார்த்தால், ஒரு சின்ன மனிதர் மேசை நாற்காலி எல்லாவற்றையும் தன் உடம்பாலேயே அளந்துகொண்டு திரிவதைக் காணலாம். பட்டினி கிடந்தவன் பந்தியில் உட்கார்ந்த மாதிரி என்று எனக்குப் பட்டது.

பிரெக்ட் எங்களுக்கு அந்நியமில்லை. ‘விதிவிலக்கும் விதியும்’ நாடகத்தை ‘யுகதர்மம்’ என்று க. பாலேந்திராவின் அவைக்காற்று கலைக் கழகம் இலங்கையில் மேடையேற்றியது. புலம்பெயர்ந்த பிறகும் அந்தக் கழகம் ஐரோப்பிய நகரங்களில் நாடகம் போட்டது. ஆனால் 1985இல் மொஸ்கோ வழியாக ஷோனஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி, ஃபிறீட்றிக்ஸ்ட்றாச ஸ்ரேசனில் மேற்குப் பக்கத்து ரெயினுக்கு வழி தெரியாமல் முழுசிக்கொண்டு நின்ற எங்களில் எத்தனை பேருக்குத் தெரியும், ஆற்றுக்கு அந்தப் பக்கம் தெரிந்த கட்டடம் பிரெக்டின் தியேட்டர் என்று? 1954இல்தான் குழு அந்தக் கட்டடத்துக்கு மாறியது. அதற்கு முன்பு, போய்ஸ் புந்திலாவாக ஆடிய காலத்தில், அவர்கள் இருந்தது டொய்ச்சஸ் தியேட்டரில். அதுவும் அதே ஸ்ரேசனில் இருந்து நடக்கிற தூரம்தான். எங்களுக்கு அன்றைக்கு வேறு யோசனை.

போய்ஸ் புந்திலா ஆடிய அதே 1952இல் மேற்கு ஜேர்மனியில் ‘கசபிளாங்கா’ திரைக்கு வந்தது. எப்படி வந்தது என்பதைக் கேளுங்கள். நாஜிகள் எல்லோரையும் வெட்டி எறிந்துவிட்டார்கள். மேஜர் ஸ்ற்றாசர் இல்லை. நாஜி முகாமில் இருந்து தப்பிய போராளி விக்ரர் லஸ்லோ, நோர்வே நாட்டு அணு விஞ்ஞானி விக்ரர் லார்சன் ஆகிவிட்டார். இருபது நிமிடத்துக்கு மேல் போய்விட்டது. அகதிகள் இருந்தார்கள், அவர்கள் யாருக்குப் பயந்து ஓடுகிறார்கள் என்பது மட்டும் இல்லை. முழுப் படத்தையும் ஜேர்மன்காரர் தொலைக்காட்சியில் பார்க்க 1975 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. திரும்பி வந்தவர்களைச் சனம் எப்படிப் பார்த்தது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி தேவையில்லை என்று நினைக்கிறேன்.

ஐம்பதுகளின் நடுவில் போய்ஸ் மேற்கு பேர்லினுக்கு மாறினார். ஃபிறிற்ஸ் கோர்ட்னர் போன்ற, தாங்களும் ஓடித் திரும்பிய நெறியாளர்கள் அவரை அழைத்தார்கள். சினிமாவில் பேய்க் கொமெடிகளிலும் நடித்தார், தொலைக்காட்சியிலும் வந்தார். அந்த வருடங்களைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. வேலை இருந்தது, கொண்டாட்டம் இல்லை. 1980இல் தன் வாழ்க்கையை எழுதி வெளியிட்டபோது வைத்த தலைப்பிலேயே ஆளுடைய குணம் தெரியும்: நம்ப முடியாத அளவுக்கு அழகு என்று ஜேர்மனில் சொல்கிற வழக்கைத் திருப்பிப்போட்டு, அழகாக இருக்க முடியாத அளவுக்கு உண்மை என்று வைத்தார்.

அடுத்த வருடம் மார்க்குஸ் இம்ஹோஃப் எடுத்த ‘படகு நிரம்பிவிட்டது’ என்ற சுவிஸ் படத்தில் ஒரு கிழவராக வந்தார். 1942. எல்லை தாண்டி சுவிஸ் கிராமம் ஒன்றுக்குள் வந்துசேர்கிற கொஞ்ச அகதிகள். சின்னப் பிள்ளையோடு வரும் குடும்பத்தைத் திருப்பி அனுப்பமாட்டார்கள் என்று ஒரு விதி. ஒருவருக்கொருவர் உறவில்லாத அந்த ஆட்கள் உடனே ஒரு குடும்பமாக மாறுகிறார்கள். இவன் கணவன், இவள் மனைவி, இது எங்கள் பிள்ளை, இவர் கிழவர். பொய் பிடிபடுகிறது, திருப்பி அனுப்பப்படுகிறார்கள். இதைப் படிக்கிறவர்களுக்கு 2015இல் கானில் தங்கப்பனை வாங்கிய ‘தீபன்’ நினைவுக்கு வரும். செத்தவர்களின் பாஸ்போட்டில் ஒரு ஆண், ஒரு பெண், ஒரு பிள்ளை குடும்பமாகி பிரான்சுக்குள் வருகிற கதை. நடித்தவர் தானும் அகதியாக வந்த எங்கள் எழுத்தாளர் ஷோபாசக்தி. இரண்டு படத்துக்கும் நடுவில் முப்பத்துநாலு வருடம். உத்தி ஒன்றுதான்.

‘படகு நிரம்பிவிட்டது’ என்பது சுவிஸ் அமைச்சர் ஸ்ரைகர் 1942இல் தன் நாட்டை நிரம்பிவழிகிற உயிர்காப்புப் படகுக்கு ஒப்பிட்டதில் இருந்து வந்த தொடர். படத்துக்கு பேர்லின் விழாவில் வெள்ளிக் கரடி கிடைத்தது, ஒஸ்காருக்கும் பரிந்துரை போனது. அந்தத் தொடர் மட்டும் படத்துக்குப் பாடம் படிக்கவில்லை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஜேர்மனியில் அதே வார்த்தைகள் எங்களைப் பார்த்துச் சொல்லப்பட்டன. 1993 மே 26ஆம் திகதி பாராளுமன்றம் அரசியல் யாப்பின் 16ஆம் பிரிவைத் திருத்தி அகதித் தஞ்சத்தைச் சுருக்கியது. நாஜிகளிடம் இருந்து ஓடியவர்களுக்குக் கதவு திறக்காத கடனுக்காக எழுதிவைத்த பிரிவு அது.

1982இல் புறூனோ கான்சும் ஒற்றோ சாண்டரும் சேர்ந்து இரண்டு கிழ நடிகர்களைப் பற்றி ‘நினைவு’ என்ற ஆவணப்படம் எடுத்தார்கள். ஒருவர் போய்ஸ். மற்றவர் பேர்ன்ஹாட் மினெற்றி. மினெற்றி பெரிய நடிகர், சந்தேகமில்லை. அவர் ஓடத் தேவையிருக்கவில்லை. நாஜிக் காலம் முழுவதும் பேர்லின் அரச நாடக அரங்கில் ஆடினார்; லெனி றீஃபன்ஸ்ரால் நாஜி முகாம்களில் இருந்து றோமா, சிந்தி மக்களைக் கொண்டுவந்து துணை நடிகர்களாக நிறுத்திய ‘தாழ்நிலம்’ படத்தில் முக்கிய வேடம் கட்டினார். அந்தத் துணை நடிகர்களில் பலர் பிறகு அவுஷ்விற்சில் கொல்லப்பட்டார்கள். மினெற்றியின் பெயரையே தலைப்பாக வைத்து தோமஸ் பேர்ன்ஹாட் 1976இல் ஒரு நாடகம் எழுதினார். நின்றவருக்குத் தன் பெயரிலேயே ஒரு நாடகம். ஓடியவருக்கு ஒரு முடிச்சுமாறி. இப்படி எழுதுவது நியாயமில்லை என்று சிலர் சொல்லக்கூடும். எங்களுக்குள்ளும் இந்தக் கணக்கு இருக்கிறது. மேடையிலும் ‘நிர்மலா’ (1968) முதலான ஈழத்துத் திரைப்படங்களிலும் நடித்த ஏ. ரகுநாதன் பாரிசில் எங்கள் பெடியளின் குறும்படங்களில் கிழவராக வந்து வந்து, 2020இல் கொரோனாவில் இறந்துபோனார். அவருக்குக் கிடைத்த நிமிடங்களையும் யாராவது எண்ண வேண்டும்.

புறூனோ கான்சும் ஒற்றோ சாண்டரும் 1987இல் விம் வெண்டர்சின் ‘பேர்லினுக்கு மேலே வானம்’ படத்தில் தேவதூதர்களாக வந்தார்கள். போய்ஸ் அதில் ஹோமர். கதை சொல்கிற கிழவர், ஆனால் கேட்க ஆள் இல்லை. அரச நூலகத்தில் உட்கார்ந்து பழைய புகைப்படங்களைப் புரட்டுகிறார். பிறகு பொட்ஸ்டாமர் பிளாற்சைத் தேடிப் போகிறார். போருக்கு முன் ஐரோப்பாவிலேயே நெருக்கடி மிகுந்த சந்திகளில் ஒன்று அது; படம் எடுத்த காலத்தில் மதில் அருகே புல்லும் சேறுமான வெறும் தரை. இங்கேதானே நான் கோப்பி குடித்த கடை இருந்தது, இங்கேதானே சனம் நின்றது என்று தேடுகிறார், கிடைக்கவில்லை. யாரோ எறிந்துவிட்டுப் போன ஒரு சோபாக் கதிரையில் களைத்துப்போய் உட்காருகிறார். வசனம் பீற்றர் ஹண்ட்கவும் வெண்டர்சும் எழுதியது. தேடுகிறவருடைய கண் எழுதியதல்ல. இருபதுகளின் பேர்லின் சனங்களை அந்தக் காலத்திலேயே சிரிக்க வைத்த 86 வயது மனிதர் அந்த வெட்டையில் நின்று தேடுகிறார். 1988இல் முதன்முதல் வழங்கிய ஐரோப்பியத் திரைப்பட விருதுகளில் சிறந்த துணை நடிகர் விருது அவருக்குத்தான். துணை நடிகர்! எண்பது வருட நடிப்புக்கு முடிவில் வந்த பெயர் அது.

மதில் 1989 நவம்பரில் விழுந்தபோது போய்ஸ் உயிரோடு இருந்தார். 1991 நத்தாரன்று பேர்லினில் இறந்தார். அவர் தேடிய பொட்ஸ்டாமர் பிளாற்சில் 1998இலும் 2000இலும் கண்ணாடிக் கோபுரங்களைத் திறந்தார்கள். இன்றைக்குப் போனால் அந்த வெட்டை எது என்று காட்ட முடியாது.

தொண்ணூறுகளின் நடுவில் அந்தப் படத்தின் வீடியோக் கொப்பி ஒன்றை நூலகத்தில் எடுத்துக்கொண்டு அண்ணையிடம் போனேன். அப்போது அவர் ஒரு றெஸ்ரோறன்றில் கோப்பை கழுவினார். எங்கள் கலைவிழா ஒன்றில் ‘மயான காண்டம்’ போடக் கேட்டதற்குப் பதினைந்து நிமிடம் தந்திருந்தார்கள். சந்திரமதி வந்து சேர்வதற்குள் மணி அடித்துவிட்டார்கள் என்று ஒருதரம் சொன்னார், மறுபடி அதைப் பற்றிப் பேசவில்லை. படம் அவருக்கு நீளமாக இருந்தது. தேவதூதர்கள் யோசிக்கிற இடமெல்லாம் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். கிழவர் வருகிற இடங்களில் மட்டும் எழும்பினார். முடிவுக்குக் கிட்ட ஒரு காட்சி: ஹோமர் ஒரு குடையோடு, முதுகைக் காட்டிக்கொண்டு, மதிலை நோக்கி நடந்து போகிறார்.

“நிப்பாட்டும், நிப்பாட்டும்” என்று அண்ணை ரிமோட்டை வாங்கிப் பின்னுக்கு ஓட்டினார்.

“என்ன அண்ணை?”

“காலைப் பாரும். இந்த வயசிலையும் தாளம் விடயில்லை. முதுகாலை நடிக்கிறான்.”

மூன்று தரம் பார்த்தோம். நாலாவது தரம் ஓட்டப் போனவர் மணிக்கூட்டைப் பார்த்தார். ஆறரை. ஏழு மணிக்கு அவருக்கு வேலை.